முதல் வெப் ஆப்பை எங்கே ஏற்றுவது?
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லேப்டாப்பில் அழகாக ஓடிய ஆப்பை ஊருக்குத் திறந்துவிடும் நாளில்தான் பலரும் திணறுகிறார்கள். கோடு எழுதச் சொல்லித்தரும் வகுப்புகளும் வீடியோக்களும் அந்த வாசல்வரை கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. எந்த ஹோஸ்டிங் எடுப்பது, எவ்வளவு செலவாகும், சர்வரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகள் அதற்கப்புறம்தான் மொத்தமாக வந்து விழுகின்றன.

மேற்குச் சென்னைப் புறநகரில் இப்படி நிற்பவர்கள் நிறையப் பேர். ஆவடி, பூந்தமல்லிச் சாலைகளில் பொறியியல் கல்லூரிகள் அடுத்தடுத்து வருகின்றன. 1960களில் உருவான அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தும் மில்லிங்கும் சிஎன்சியும் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகள் ஏராளம். படித்த பிள்ளை ஒருவர் வீட்டுத் தொழிலுக்கோ தெரிந்தவர் கடைக்கோ ஒரு ஆப் எழுதித் தருவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. அப்படிப்பட்ட மூன்று ஆப்களை மனதில் வைத்து இந்தத் தேர்வைப் பார்ப்போம்: கடைசி வருட மாணவரின் புராஜெக்ட், ஆவடியில் ஒரு டியூஷன் சென்டரின் ஃபீஸ் கணக்கு, அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றின் ஜாப் ஒர்க் சலான் பதிவு.

எல்லாவற்றையும் அளக்க ஒரே கோல் போதும். சர்வர் விழுந்தால் எழுப்புவது யார்? டேட்டா போனால் திரும்ப வருவது எங்கிருந்து? இந்த இரண்டுக்கும் பதில் இருக்கிற இடமே உங்களுக்கான இடம். சர்வரின் வேகமும் கம்பெனியின் பெயரும் அதற்குப் பின்னால்தான்.

லைவ் என்றால் என்ன மாறுகிறது

ஜாங்கோவில் எழுதுபவர்கள் லேப்டாப்பில் ரன்சர்வர் கட்டளையைக் கொடுத்து வேலை பார்ப்பார்கள். அதை லைவில் பயன்படுத்தாதீர்கள் என்று ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது. அது பாதுகாப்புச் சோதனைக்கும் சுமைச் சோதனைக்கும் உட்பட்ட சர்வர் அல்ல. கோடு எழுதும்போது உடனுக்குடன் பார்க்க மட்டுமே செய்த வசதி.

லைவில் நான்கு அடுக்குகள் இருக்கும். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை 443ஆம் போர்ட்டில் வாங்குவது வெப் சர்வர். ஹெச்டிடிபிஎஸ், படங்கள், சிஎஸ்எஸ் எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குப் பின்னால் உங்கள் கோடை ஓட்டுவது ஆப் சர்வர். அதற்கும் பின்னால் டேட்டாபேஸ். ஏதாவது செத்துப்போனாலோ மெஷின் ரீபூட் ஆனாலோ தானாக எழுப்பிவிட ஒரு காவல்காரர் நான்காவது அடுக்கு. கீழே வரும் வழிகள் எல்லாவற்றிலும் இந்த நான்கும் உண்டு. அவற்றில் எத்தனையை நீங்கள் பார்க்கிறீர்கள், எத்தனையை ஹோஸ்டிங் கம்பெனி பார்க்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

வழி 1: பட்டறையிலோ வீட்டிலோ சொந்த கம்ப்யூட்டர்

பழைய பிசி ஒன்றில் உபுண்டு போட்டு ஓட்டினால் மாத வாடகை கிடையாது. ஆனால் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை வந்தால் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிவரை கரன்ட் இருக்காது. சாதாரண யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் தனி ஐபி முகவரியும் வராது. பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர்ந்துகொள்வதால் வெளியிலிருந்து உங்கள் பிசியை நேரடியாக எட்ட முடியாது. கூடுதல் பணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும், அல்லது கிளவுட்ஃப்ளேர் டனல் போன்ற வசதியைப் பிடிக்க வேண்டும்.

வெள்ளத்தையும் சேர்த்து யோசியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து மெஷின்களே மூழ்கின. மேஜைக்கடியில் இருக்கும் சிபியு அந்த நாளைத் தாண்டாது.

ஆனாலும் இந்த வழிக்குப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. ஆப்பைப் பயன்படுத்துபவர்கள் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருந்தால் இன்டர்நெட்டே தேவையில்லை. உள் நெட்வொர்க்கில் ஓட்டினால் போதும். நெட் போனாலும் சலான் போடலாம். அப்படிச் செய்தால் பேக்கப் மட்டும் தினமும் கட்டடத்துக்கு வெளியே போயே ஆக வேண்டும்.

வழி 2: ஷேர்டு ஹோஸ்டிங்

ஒரே சர்வரை நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்துகொள்வது. சிபேனலில் ஃபைலை ஏற்றினால் வேலை முடிந்தது. பிஹெச்பி, லாரவெல், வேர்ட்பிரஸ் என்றால் தொடங்குவதற்கு இதுவே நல்ல இடம். வெப் சர்வரும் டேட்டாபேஸும் ரெடியாக இருக்கும். செக்யூரிட்டி அப்டேட்டை அவர்களே போடுவார்கள்.

பைத்தானோ நோடோ என்றால் யோசிக்க வேண்டும். சில பிளான்களில் அவற்றையும் ஓட்டலாம். ஆனால் ரூட் அனுமதி கிடையாது, பின்னணியில் ஓயாமல் ஓடும் வேலைகளுக்கு இடமில்லை, எரர் வந்தால் லாகைத் தேடிப் பிடிப்பதே பாடு. விலையில் கவனிக்க வேண்டியது புதுப்பிக்கும் கட்டணம். விளம்பரத்தில் வரும் தொகை முதல் தவணைக்கு மட்டும். அடுத்த தவணையில் பல மடங்காவதுண்டு. பணம் கட்டும் முன் அந்தத் தொகையைத் தேடிப் பாருங்கள்.

வழி 3: கோடை மட்டும் கொடுத்தால் ஓட்டித் தரும் தளங்கள்

ரெண்டர், ரயில்வே, பைத்தான்எனிவேர் போன்றவை இந்த வகை. ரெண்டரிலும் ரயில்வேயிலும், கிட்ஹப்பில் கோடைத் தள்ளினால் அவர்களே எடுத்து ஓட்டுவார்கள். சென்னையைச் சேர்ந்த ஸோஹோவின் கேட்டலிஸ்டும் சர்வர் கவலையைத் தானே ஏற்கும் தளம்தான். அதன் அமைப்புக்கு ஏற்றபடி கோடை எழுதிக்கொள்ள வேண்டும். நான்கு அடுக்கில் மூன்றை அவர்கள் பார்ப்பதால், முதல்முறை டெப்ளாய் செய்பவருக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இலவசப் பிளானில் இருக்கும் நிபந்தனைகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ரெண்டரின் இலவச சேவை 15 நிமிடம் யாரும் வரவில்லை என்றால் தூங்கிவிடும். அடுத்து வருபவர் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அதன் இலவச போஸ்ட்கிரெஸ் 30 நாளில் காலாவதியாகும். புதியவர்கள் அதிகம் அடிபடுவது இன்னொன்றில்: அங்கே டிஸ்க் நிலையானதல்ல. எஸ்கியூலைட் ஃபைலில் டேட்டாவை வைத்திருந்தால், அடுத்த டெப்ளாயில் எல்லாம் துடைத்துவிட்டதுபோல் காணாமல்போகும். ஏற்றிய போட்டோக்களும் அப்படியே.

இலவசத்தை நம்பி ஒரு தொழிலை வைக்கக் கூடாது என்பதற்கு ஹெரோக்கு சாட்சி. வருடக்கணக்காக மாணவர்கள் நம்பியிருந்த அதன் இலவசப் பிளான் 2022 நவம்பர் 28 அன்று மூடப்பட்டது.

வழி 4: விபிஎஸ்

ஒரு பெரிய மெஷினிலிருந்து உங்களுக்கென்று பிரித்துக் கொடுக்கப்பட்ட பங்கு. ரூட் அனுமதி உங்களுடையது. 1 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ், டிஜிட்டல்ஓஷன், லினோட் போன்றவற்றில் மாதம் 5, 6 டாலருக்குக் கிடைக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 600 ரூபாய். பில் மாதாமாதம் ஏறக்குறைய ஒரே தொகையாக வரும் என்பது சிறு தொழிலுக்குப் பெரிய நிம்மதி.

பதிலுக்கு நான்கு அடுக்கும் உங்கள் தலையில். அப்டேட், ஃபயர்வால், பேக்கப், டிஸ்க் நிறைந்தால் காலி செய்வது என எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு. கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதுபோன்ற பள்ளிக்கூடம் வேறில்லை. பார்த்துக்கொள்ள நேரம் இல்லாதவர் இதை எடுத்தால், மறந்துபோன சர்வர் ஆறு மாதத்தில் வேறு யாருக்கோ வேலை செய்துகொண்டிருக்கும்.

வழி 5: பெரிய கிளவுட்

ஏடபிள்யூஎஸ், அஸூர், கூகுள் கிளவுட். வேலை தேடும் மாணவர்கள் ரெஸ்யூமேயில் போடுவதற்காக இங்கே வருகிறார்கள். அந்தக் காரணம் நியாயமானதே. ஆனால் பில் சின்னச் சின்ன மீட்டர்களின் கூட்டுத்தொகையாக வரும். ஏடபிள்யூஎஸ் 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரிக்கே மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது; மாதத்துக்கு ஏறக்குறைய 3.6 டாலர். கணக்குத் தொடங்கிய அன்றே பட்ஜெட் எச்சரிக்கை போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். ஏடபிள்யூஎஸ்தான் வேண்டும் என்றால் அதன் லைட்செயில் பிளானைப் பாருங்கள். விபிஎஸ் மாதிரியே மாதம் இவ்வளவு என்று விலை வைத்திருக்கிறார்கள்.

சர்வர் எந்த ஊரில் இருக்க வேண்டும்?

இந்த வட்டாரம் டேட்டா சென்டர்களின் ஊராகிவிட்டது. என்டிடி 2023இல் அம்பத்தூரில் ஒரு வளாகத்தைத் திறந்தது. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்ட், டிஜிட்டல் ரியால்டி மூன்றும் சேர்ந்த டிஜிட்டல் கனெக்ஷன், 100 மெகாவாட்வரை வளர்க்கும் திட்டத்தோடு தன் முதல் கட்டடத்தை 2024 ஜனவரியில் இங்கேயே திறந்தது. ஆனால் அவற்றின் கதவைத் தட்டி நாம் இடம் கேட்க முடியாது. அவை பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாக வாடகைக்கு விடுபவை. நமக்குச் சில்லறையாகக் கிடைப்பது கிளவுட் கம்பெனிகளின் வழியாகத்தான்.

லினோட்டை வாங்கிய அகமாய் 2023இல் சென்னையிலேயே ஒரு ரீஜன் தொடங்கியது. டிஜிட்டல்ஓஷனுக்கு 2016 முதல் பெங்களூரு இருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸுக்கு 2016இல் மும்பை, 2022இல் ஹைதராபாத். அஸூரின் தென்னிந்திய ரீஜன் 2015 முதல் சென்னையில்தான்.

தூரத்தைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டாம். சிங்கப்பூர் நம் மனதில் வெளிநாடு. நெட்வொர்க்குக்கு அது பக்கத்து ஊர். 2002 முதலே சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிள் இருப்பதால், போய் வரும் நேரம் மும்பைக்கு ஆவதைவிடச் சற்றுத்தான் கூடும். அமெரிக்கச் சர்வர் என்றால் 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு கிளிக்கிலும் அது தெரியும். ஆகவே வரிசை இது: சென்னை அல்லது பெங்களூரு, இல்லையென்றால் மும்பை, அதுவும் இல்லையென்றால் சிங்கப்பூர். பேக்கப்பை மட்டும் சர்வர் இருக்கும் ஊரில் வைக்காதீர்கள்.

விபிஎஸ் எடுத்தவருக்கு: உள்ளே எதைத் தேர்ந்தெடுப்பது

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு உபுண்டு 24.04 எல்டிஎஸ். 2029வரை அப்டேட் உண்டு. சந்தேகம் வந்தால் பதில் கிடைப்பதும் இதற்குத்தான் அதிகம்.

வெப் சர்வரில் மூவர் போட்டி. அப்பாச்சி 1995 முதல் இருப்பது. பிஹெச்பிக்கும் பழைய தளங்களுக்கும் பொருத்தம். 2004இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் குறைந்த நினைவகத்தில் நிறைய இணைப்புகளைத் தாங்கும். வேலை இடங்களில் அதிகம் கேட்பதும் இதைத்தான். கேடி இளையது; ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழைத் தானே வாங்கி, தானே புதுப்பித்துக்கொள்ளும். நாலைந்து வரியில் கட்டமைப்பு முடிந்துவிடும். வேலைக்குத் தயாராகிறீர்கள் என்றால் என்ஜின்எக்ஸ், ஆப் ஓடினால் போதும் என்றால் கேடி. என்ஜின்எக்ஸ் எடுப்பவர்கள் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழைச் செர்ட்பாட் கொண்டு இலவசமாக வாங்கலாம். அதன் ஆயுள் 90 நாள்தான் என்பதால் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுகிறதா என்று முதல் நாளே சோதியுங்கள்.

என்ஜின்எக்ஸில் ஒரு பொறி உண்டு. ஏற்றும் ஃபைலின் அளவை அது இயல்பாக 1 எம்பிக்குள் நிறுத்திவிடும். சலானை மொபைலில் படம் பிடித்தால் 3, 4 எம்பி வரும். சின்னப் படங்களை வைத்துச் சோதித்துவிட்டு லைவில் போட்டால், பட்டறையில் முதல் போட்டோவே 413 எரரில் நிற்கும். அந்த வரம்பை முன்னதாகவே உயர்த்திவிடுங்கள்.

ஆப் சர்வருக்கு ஜாங்கோ, ஃப்ளாஸ்க் என்றால் ஜியூனிகார்ன். கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டி அத்தனை ஒர்க்கர் வையுங்கள் என்பது அதன் ஆவணம் சொல்லும் கணக்கு. ஒரு கோருக்கு மூன்று வரும். 1 ஜிபி ரேமில் போஸ்ட்கிரெஸும் சேர்ந்து ஓடினால் இரண்டில் தொடங்கி, ஸ்வாப் இடமும் ஒதுக்குவது நிதானமானது. எழுப்பிவிடும் காவலுக்குச் சிஸ்டம்டி போதும். நோடுக்கும் அதுவே போதும். டாக்கர் பிறகு கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டு போட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: டாக்கர் வெளியே திறக்கும் போர்ட்டை உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் தடுக்காது. டேட்டாபேஸ் போர்ட் அப்படித்தான் ஊருக்கே திறந்து கிடக்கிறது.

டேட்டாபேஸில் எஸ்கியூலைட்டைக் குறைத்து எண்ண வேண்டாம். ஒரே விபிஎஸ், ஒரே நேரத்தில் எழுதுபவர்கள் சிலர்தான் என்றால் அது தாராளமாகத் தாங்கும். டேட்டா முழுக்க ஒரே ஃபைலில் இருப்பதால் பேக்கப் எளிது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைலை வெறுமனே காப்பி எடுக்காமல், அதற்கென்று இருக்கும் பேக்கப் கட்டளையால் எடுங்கள். பலர் ஒரே நேரத்தில் எழுதினாலோ ஆப் வளரும் என்று தெரிந்தாலோ ஆரம்பத்திலேயே போஸ்ட்கிரெஸ்.

திறக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை:

1. டிபக் அணைந்திருக்கிறதா? இல்லையென்றால் எரர் வரும்போது உங்கள் கோடின் உள்விவரங்கள் பார்ப்பவர் கண்ணில் படும்.
2. சீக்ரெட் கீயும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் கிட்ஹப்பில் ஏறிவிடவில்லையே?
3. எஸ்எஸ்ஹெச் கீ மூலம் மட்டும் உள்ளே வர முடிகிறதா? பாஸ்வேர்டு வழி மூடியிருக்கிறதா?
4. 22, 80, 443 தவிர மற்ற போர்ட்கள் அடைந்திருக்கின்றனவா?
5. நேரம் சரியா? சர்வர் யுடிசியில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. நைட் ஷிப்டில் விடியற்காலை 3 மணிக்குப் போட்ட சலானில் முந்தின நாள் தேதி விழுந்தால் கணக்கு முழுக்கக் குழம்பும்.
6. ஜாங்கோ என்றால் அதன் டெப்ளாய் சோதனைக் கட்டளையை ஓட்டி, வரும் எச்சரிக்கைகளைத் தீர்த்தீர்களா?

பணம் கட்டுவதில் வரும் சிக்கல்

வெளிநாட்டுக் கம்பெனியில் கார்டு நிராகரிக்கப்பட்டால் முதலில் பேங்க் ஆப்பைத் திறந்து பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி புதிய கார்டுகளில் சர்வதேசப் பரிவர்த்தனை அணைந்தே வரும். நாம்தான் இயக்க வேண்டும். மாதாமாதம் தானாகப் பிடிக்கும் கட்டணத்துக்கு 2021 அக்டோபர் முதல் தனி ஒப்புதல் வேண்டும். அது நடக்காமல் பில் நிலுவையில் நின்றால் சர்வரை நிறுத்திவிடுவார்கள். டொமைன், ஹோஸ்டிங் இரண்டின் கணக்கையும் தொழிலின் உரிமையாளர் பெயரிலும் அவர் மெயிலிலும் தொடங்குங்கள். நீங்கள் வேலை கிடைத்து வேறு ஊர் போனாலும் ஆப் அவர் கையில் இருக்க வேண்டும்.

டேட்டா யாருடையது, எத்தனை நாளைக்கு

ஜாப் ஒர்க் சலான் சாதாரணச் சீட்டு அல்ல. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி வேலைக்கு அனுப்பிய மெட்டீரியல் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பதிவுகளை வைத்திருக்கவும் வேண்டும். ஆறு வருடம் காக்க வேண்டிய டேட்டாவை 30 நாளில் காலாவதியாகும் இடத்தில் வைக்க முடியுமா?

டியூஷன் ஆப்பில் இருப்பது குழந்தைகளின் பெயரும் பெற்றோரின் மொபைல் எண்ணும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தேவையில்லாத விவரத்தை வாங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. ஆதார் எண் ஃபீஸ் கணக்குக்கு எதற்கு?

யாருக்கு எது

கடைசி வருட புராஜெக்டுக்கு வழி 3இன் இலவசப் பிளான் போதும். வைவா அன்று தேர்வாளர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருமுறை திறந்து சர்வரை எழுப்பிவிடுங்கள். டேட்டாபேஸ் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டியூஷன் சென்டருக்கு, ஆப் பிஹெச்பியில் இருந்தால் ஷேர்டு ஹோஸ்டிங். பைத்தானோ நோடோ என்றால் வழி 3லேயே காசு கட்டும் பிளான். அங்கே ராத்திரி சர்வரைப் பார்க்க ஆள் இல்லை. அந்த வேலையைக் காசு கொடுத்து வாங்குவதுதான் சரி. மாதம் நூறு, இருநூறு மிச்சம் பிடிக்க விபிஎஸ்ஸுக்குப் போக வேண்டாம்.

அம்பத்தூர்ப் பட்டறைக்கு, எழுதியவர் அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்வார் என்றால் சென்னை அல்லது பெங்களூரு விபிஎஸ், பேக்கப் மும்பையிலோ சிங்கப்பூரிலோ. அவர் போய்விடுவார் என்றால் பட்டறைக்கும் வழி 3, காசு கட்டி. பெரிய கிளவுட் இந்த மூவரில் யாருக்கும் இப்போது தேவையில்லை.

எந்த வழியை எடுத்தாலும், நிஜ டேட்டா ஒரு வரிகூட ஏறுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஆப்பை ஏற்றுங்கள், பேக்கப் எடுங்கள், சர்வரை முழுதாக அழித்துவிடுங்கள். உங்களிடம் இருக்கும் கோடையும் பேக்கப்பையும் குறிப்பையும் வைத்துப் புதிதாக ஒன்றை எழுப்புங்கள். ஒரு பிற்பகலுக்குள் முடிந்தால் அந்த வழி உங்களுக்குச் சரி. முதலாளியிடம் ஆப்பை ஒப்படைக்கலாம். முடியவில்லை என்றால் ஒரு படி சுலபமான வழிக்கு இறங்குங்கள். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. ஒரு பட்டறையின் ஆறு வருடக் கணக்கை நம்பி வாங்கிக்கொள்பவருக்கு, திரும்பக் கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.